முனை முறிந்த வேல்: தொலைநிலை அருங்காட்சியகங்களும் போர் வரலாற்றுப் பாடமும்

அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகச் சென்ற ஔவையார்க்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான் என்பதைப் புறநானூறு பயின்றார் அனைவரும் அறிவர். பீலி சூட்டி, மாலை சார்த்தி, நெய் பூசிக் காவல் மிக்க மனையில் வரிசைப்பட வைக்கப்பட்டிருந்த கருவிகளை ஔவையார் புகழ்வார் போலப் புகழ்ந்தார். தம் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி முனை முறிந்து, கொல்லனது சிறு பட்டறையில் கிடக்கின்றன என்றும் உடன் சேர்த்தார். 95ஆம் பாடலாகிய இதனை வஞ்சப்புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாக நடத்திவிட்டு அடுத்த பாடலுக்குச் சென்றுவிடுவது நம் வகுப்புகளின் வழக்கம். ஆயினும், போர்க்கருவிகளைக் காட்சிக்கு வைத்தல் பற்றித் தமிழில் எழுந்த மிகப் பழைய திறனாய்வு இதுவே எனக் கொள்ளவும் இடமுண்டு. மெருகிட்ட வேல் போரைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை. முறிந்த வேலே கூறுகிறது.

போர் வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்க முனையும் இன்றைய அருங்காட்சியகம் ஒவ்வொன்றும், இவ்விரு கொட்டில்களுள் எதனைத் திறந்து காட்டுவது என்னும் வினாவை எதிர்கொண்டே தீரவேண்டும். மாணவர் நேரிற் செல்லாமல், பல்லாயிரம் கல் தொலைவிலிருந்து கணினித் திரை வாயிலாகக் காணும்போது இவ்வினா இன்னும் கூர்மை பெறுகிறது. திரையிலே பளபளப்பு எளிதில் எடுபடும். முறிந்த முனையைக் காட்டுதற்கோ தனித் திறன் வேண்டும்.

தொலைநிலை அருங்காட்சியக வகுப்பு என்பது யாது? காட்சிப்பொருள்களின் படங்களை இணையத்தில் அடுக்கி வைப்பது அன்று. அது பட்டியல், பாடம் ஆகாது. ஆசிரியர் முன்கூட்டியே ஒரு தலைப்பையும் நாளையும் தேர்ந்து அருங்காட்சியகத்தாரிடம் பதிவு செய்கிறார். படிக்க வேண்டிய ஆவணங்கள் சில முன்னதாக வந்து சேர்கின்றன. குறித்த நாளில் அருங்காட்சியகக் கல்வியாளர் ஒருவர் கேமராவின் முன் நின்று ஒரு பொருளையோ கடிதத்தையோ காட்டி, இஃது என்னவாயிருக்கும் என்று மாணவரையே வினவுகிறார். விடையைத் தாம் கடைசியில்தான் சொல்கிறார். ஏறத்தாழ ஒரு பாடவேளையில் இது நிறைவுறும். வளமிக்க நாடுகளின் சில பள்ளிகளில் 1990களிலேயே தொலைபேசிக் கம்பிவழிக் காணொலி இணைப்பாக இது தொடங்கிவிட்டது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் உலக அருங்காட்சியகங்களுள் ஏறத்தாழ 90 விழுக்காடு மூடப்பட்டதாக யுனெஸ்கோ அறிவித்தது. அதன் பின்னரே இம்முறை எங்கும் பரவியது.

இத்துறையில் நெடிய பழக்கமுடைய நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் நகரில் உள்ள தேசிய இரண்டாம் உலகப்போர் அருங்காட்சியகம், 2000ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. 1944ஆம் ஆண்டு அதே நாளில்தான் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கின. அப்படைகளுக்கும் இந்நகருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். தொடர்பு ஒரு படகு. ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் என்பார் லூசியானாவின் சதுப்பு நிலங்களில் ஓடுதற்கென, ஆழமில்லா நீரிலும் தரைதட்டாத படகுகளைக் கட்டி வந்தார். அவையே மாற்றியமைக்கப்பட்டுப் படையிறக்கும் படகுகளாயின. போர் முடிவதற்குள் அவரது தொழிற்சாலைகள் 20,000க்கும் மேற்பட்ட படகுகளைக் கட்டித் தந்தன. போரை நமக்கு வென்று தந்தவர் இவரே என்று படைத்தலைவர் ஐசனோவர் கூறியதாக, இவ்வருங்காட்சியகத்தைத் தோற்றுவித்த வரலாற்றாசிரியர் ஸ்டீபன் ஆம்ப்ரோஸ் எழுதியுள்ளார்.

இப்படகின் அமைப்பைச் சற்று நோக்குதல் வேண்டும். நீளம் ஏறத்தாழ 11 மீட்டர்; 36 வீரர்கள் நெருங்கி நிற்பர். பக்கச் சுவர்கள் ஒட்டுப்பலகை. முன்கதவு மட்டும் இரும்பு. கரையை அணுகியதும் அக்கதவு பாலம்போல் முன்னே சாய்ந்து விழும். பக்கங்கள் பலகையாயிருக்க, முன்புறம் மட்டும் ஏன் இரும்பு? இவ்வொரு வினாவை மாணவரிடம் விட்டுவிட்டால் போதும். எதிரியின் குண்டு முன்னிருந்து வரும் என்பதை முதலில் உணர்வர். அந்த இரும்புக் கதவு திறந்து விழும் நொடியில் முன்வரிசையில் நிற்பவன் நிலை என்ன என்பதை அடுத்து உணர்வர். அதன்பின் வகுப்பில் சிறிதுநேரம் பேச்சிராது. நார்மண்டிப் படையெடுப்பைப் பத்துப் பக்கம் விரித்துரைத்தாலும் எய்த முடியாத இடம் அது. இன்னொரு வினாவும் உண்டு. ஹிக்கின்ஸ் தொழிற்சாலையில் வெள்ளையரும் கறுப்பரும் ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே பணியாற்றி, ஒரே வேலைக்கு ஒரே கூலி பெற்றனர். அவர்கள் கட்டிய படகுகளிற் சென்ற படையிலோ நிறம் பிரித்தே அணி வகுத்தனர். 1948ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஆணை பிறப்பிக்கும் வரை அந்நிலை நீடித்தது. விடுதலைக்காகப் போரிட்டதாகக் கூறும் ஒரு நாட்டின் முரண்பாடு ஒரு படகிலேயே தெரிந்துவிடுகிறது. நாம் முறிந்த முனை என்று கூறுவது இதனைத்தான்.

இதே அருங்காட்சியகம் நடத்தும் மற்றொரு திட்டத்திற்குத் திரையே வேண்டுவதில்லை. போர்வீரன் தன் கட்டிலின் காலடியில் வைத்துக்கொள்ளும் டிரங்குப் பெட்டி போன்றதொரு பெட்டியில், போர்க்காலத்து உண்மைப் பொருள்கள் சிலவற்றை இட்டுப் பள்ளிகளுக்கு அனுப்புகின்றனர். வீரரின் கழுத்தில் தொங்கிய பெயர்த்தகடு, பங்கீட்டுப் புத்தகம், களத்திலிருந்து வந்த கடிதம், நார்மண்டிக் கரையின் மணல் முதலியன அதனுள் இருக்கும். பொருள்களைத் தொடுவதற்கு வெள்ளைப் பருத்திக் கையுறைகளும் உடன் வரும். அஞ்சல்வழிக் கல்வியை நன்கறிந்த நம்மவர்க்கு இதில் வியப்பேதும் இராது. பாடத்தாளுக்கு மாற்றாகப் பொருளையே அஞ்சலில் அனுப்புகின்றனர், அவ்வளவே.

அப்பெட்டியிலுள்ள கடிதத்தைப் பற்றி ஒரு செய்தி. 1942 முதல் அமெரிக்க வீரரின் கடிதங்கள் நுண்படச் சுருளில் படமெடுக்கப்பட்டு, சுருள் மட்டும் கடல் கடந்து செல்ல, சேருமிடத்தில் மீண்டும் சிறு தாளாக அச்சிடப்பட்டன. ஒன்றரை இலட்சம் கடிதங்களைச் சுமக்க 37 அஞ்சற் பைகள் வேண்டியிருந்த இடத்தில் ஒரு பை போதுமாயிற்று. கப்பலில் மிச்சமான இடம் வெடிமருந்திற்கும் உணவிற்கும் பயன்பட்டது. ஆனால் ஒவ்வொரு கடிதத்தையும் தணிக்கையாளர் படித்துவிட்டே அனுப்பினர். தாய்க்கு எழுதும் மகன், இடையில் வேறொருவர் படிப்பார் என்று அறிந்தே எழுதினான். அக்கடிதத்தில் கூறப்பட்டதைவிடக் கூறாது விடுக்கப்பட்டதையே தேடிப் படித்தல் வேண்டும். குறிப்புப்பொருள் காணப் பழகிய தமிழ் மாணவர்க்கு இப்பயிற்சி புதிதன்று. வரலாற்று மாணவரைவிட நம் மாணவரே இதில் முந்துவர் என்பது எமது துணிபு.

பங்கீட்டுப் புத்தகமும் அத்தகையதே. அமெரிக்காவில் 1942ஆம் ஆண்டு மே மாதம் உணவுப்பொருள்களுள் முதலாவதாகச் சர்க்கரைக்குப் பங்கீடு வந்தது. நம் இல்லங்களில் ‘ரேஷன்’ என்ற சொல் புழங்கத் தொடங்கியதும் அதே போரினால்தான். சொற்களும் ஒருவகை அருங்காட்சியகமே. முதல் உலகப்போரில், 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, ‘எம்டன்’ என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்து, எண்ணெய்க் கிடங்குகளை எரித்துவிட்டுச் சென்றது. ‘அவன் சரியான எம்டன்’ என்று கூறும் பலர்க்கு, தாம் ஒரு கப்பலின் பெயரைக் கூறுகிறோம் என்பதே தெரியாது. உயர் நீதிமன்ற வளாகத்தின் கீழ்ப்புறச் சுவரிலுள்ள நினைவுக் கல்லைக் காட்டிலும், இச்சொல்லே அவ்விரவை நெடிது காத்து வந்துள்ளது.

இனி ஹிரோஷிமாவைக் காண்போம். 1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் காலை 8.15 மணிக்கு அந்நகரின்மீது அணுகுண்டு வீசப்பட்டது. 1955ஆம் ஆண்டு அங்கே அமைதி நினைவு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தீப்பட்டுத் தோலுரிந்து, கைகளை முன்னே நீட்டி நடந்துவரும் மனிதரின் உருவப் பொம்மைகள் பல ஆண்டுகள் அங்கு வைக்கப்பட்டிருந்தன. பார்த்தோர் நடுங்கினர். 2017ஆம் ஆண்டு அப்பொம்மைகள் அகற்றப்பட்டன. போரின் கொடுமையை மறைப்பதாகும் என்று எதிர்ப்பும் எழாமலில்லை. ஆயினும், செய்த பொம்மையைவிட மாண்டவரின் உண்மைப் பொருளே பேசவேண்டும் என்பது அருங்காட்சியகத்தாரின் முடிவு. 2019ஆம் ஆண்டு மீண்டும் திறந்த முதன்மைக் கட்டடத்தில், உடைகளும் உடைமைகளும் அவற்றிற்கு உரியோரின் பெயர்களோடு வைக்கப்பட்டுள்ளன.

அவற்றுள் ஒன்று ஷிகெரு ஒரிமென் என்னும் பதின்மூன்று வயது மாணவனின் உணவுப் பெட்டி. இடிபாடுகளினூடே மகனைத் தேடித் திரிந்த தாய் மூன்றாம் நாள் அவனது உடலைக் கண்டெடுத்தபோது, அப்பெட்டி அவன் வயிற்றின்கீழ் இருந்ததாம். உள்ளே இருந்த சோறு கரியாகியிருந்தது. அவன் அதனை உண்ணவில்லை. இத்துணையே செய்தி. இதற்குமேல் விளக்கம் சொல்லும் ஆசிரியர் பாடத்தைக் கெடுக்கிறார் என்றே கூறுவோம். நாள்தோறும் சாப்பாட்டு டப்பாவுடன் வரும் மாணவனுக்கு, இலட்சம் பேர் இறந்தனர் என்னும் எண்ணைவிட இவ்வொரு பெட்டி போதும். பொம்மையைக் கண்டு அஞ்சியவன் பத்து நாளில் மறப்பான். பெட்டியைக் கண்டவன் மறப்பதற்கு அரிது.

இவ்வருங்காட்சியகத்தார் அயல்நாட்டு மாணவர்க்கு, குண்டுவீச்சிற்குத் தப்பியவர்களைக் காணொலி இணைப்பு வழியே நேரிற் பேசச் செய்கின்றனர். ஆனால் காலம் குறுகி வருகிறது. 2025ஆம் ஆண்டு மார்ச் இறுதியில், ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் பாதிக்கப்பட்டோராக ஜப்பானிய அரசு ஏற்றுக்கொண்டவர்களின் எண்ணிக்கை முதன்முறையாக ஒரு இலட்சத்திற்குக் கீழ் இறங்கி 99,130 ஆயிற்று. அவர்களின் சராசரி அகவை 86. இதனை முன்னுணர்ந்த ஹிரோஷிமா நகராட்சி, 2012 முதல் இளையோரைத் தேர்ந்து, தப்பியவர் ஒருவரோடு நெடுநாள் பழகவிட்டு, அவரது வரலாற்றை அவருக்குப்பின் எடுத்துரைக்கப் பயிற்றுவித்து வருகிறது. குருவின் வாய்மொழியைச் சீடன் காக்கும் நம் பழைய மரபை ஒத்தது இது.

அமெரிக்காவில் வேறு வழி கண்டனர். நாஜிகளின் யூதப் படுகொலையினின்றும் தப்பியோர் வாக்குமூலங்களைத் திரட்டுதற்குத் திரைப்பட இயக்குநர் ஸ்பீல்பெர்க் 1994ஆம் ஆண்டு தோற்றுவித்த நிறுவனம், 50,000க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களைக் காத்து வைத்துள்ளது. அந்நிறுவனத்தார் பின்சாஸ் குட்டர் என்பவரைக் கேமராக்கள் சூழ அமரவைத்து, ஆயிரத்திற்கு மேற்பட்ட வினாக்களுக்கு விடை பெற்றுப் பதிவு செய்தனர். இன்று மாணவன் திரையை நோக்கி ஏதேனும் கேட்டால், பொருத்தமான விடையைக் கணினி தேர்ந்தெடுக்க, குட்டரின் உருவம் விடையிறுக்கிறது. போலந்தில் பிறந்த அவர் பதினொரு வயதில் மய்தானெக் முகாமில் பெற்றோரையும் இரட்டைப் பிறவியான தங்கையையும் இழந்தவர். தங்கையின் முகம் நினைவில் இல்லை. அவளது பொன்னிறப் பின்னல் மட்டுமே நினைவில் நிற்கிறது என்கிறார்.

இவ்விரு வழிகளுள் எது சிறந்தது? பதிவு அழியாது, சொல்லும் மாறாது. ஆயினும் கேட்கப்படாத வினாவிற்கு அதனிடம் விடை இல்லை. பயிற்சி பெற்ற இளையோன் மறக்கலாம், கூட்டியும் குறைத்தும் கூறலாம். ஆனால் எதிரே இருப்பவனின் முகம் கண்டு பேசுவான், விடை தெரியாதபோது தயங்குவான். அத்தயக்கமும் பாடமே. ஹிரோஷிமாவின் வழியே நமக்கு உவப்பானது.

இதுகாறும் கூறியவற்றால் ஓர் ஐயம் எழும். அருங்காட்சியகம் தன்னிடம் இருப்பதைத்தானே காட்டமுடியும்? எவர் பொருளைச் சேர்த்து வைத்தனரோ அவர் வரலாறே திரையில் வரும். 25 இலட்சம் பேரைக் கொண்ட இந்தியப் படை அப்போரிற் பங்கேற்றது. 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். நியூ ஆர்லியன்ஸ் நகர வகுப்பில் இவை முதன்மை பெறுமென எதிர்பார்த்தல் இயலாது. அது குற்றமும் அன்று. அவர்கள் தம் நாட்டின் கதையைக் கூறுகின்றனர். நம் மாணவர் அதனை அறிந்து கேட்டல் வேண்டும் என்பதே செய்தி.

தமிழர்க்கு நேரிடையாக உரிய சான்று சயாம்–பர்மா இரயில்பாதை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை ஜப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் அமைத்தனர். நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வேலை வாங்கப்பட்டனர். 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியக் கூலித் தொழிலாளரின் எண்ணிக்கையோ இரண்டு இலட்சத்தை எட்டும் என்பர். மாண்டோர் 90,000 வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. இவர்களுள் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் மிகப் பலர். கொல்லும் பணியாக வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அமைந்தன. கைதிகளுக்கு அவர்தம் படை மருத்துவர்கள் உடனிருந்தனர். நாட்குறிப்புகளையும் வரைபடங்களையும் மறைத்து வைத்துக் காத்த அதிகாரிகள் இருந்தனர். போர் முடிந்தபின் கல்லறைகளைத் தேடி ஒழுங்குபடுத்த ஆணையம் இருந்தது. காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் அடங்கியுள்ளனர். தமிழ்க் கூலிகளுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. இறந்த இடத்திலேயே மொத்தமாகப் புதைக்கப்பட்டோரும் எரிக்கப்பட்டோரும் பலர்.

எனவே அப்பாதை பற்றிய அருங்காட்சியகங்களின் இணையப் பாடங்கள் கைதிகளின் குரலால் நிறைந்துள்ளன. பாறையைக் குடைந்த ‘நரக நெருப்புக் கணவாய்’ பற்றி ஆஸ்திரேலிய அரசு வழங்கும் பாடங்கள் மிகச் சிறந்தவை. படங்களும் வாக்குமூலங்களும் நிரம்பியவை. தொழிலாளரைப் பற்றிய தொகை அங்கே உண்டு, முகம் அரிது. இவ்வெற்றிடத்தை ஓரளவு நிரப்பியது மலேசியத் தமிழ் நாவலே. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகியவற்றை நம் மாணவர் படித்தல் நலம். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் காஞ்சனபுரியில் அத்தமிழர்க்கென நடுகல் ஒன்று எழுப்பப்பட்டது. காட்சி முதல் வாழ்த்து ஈறாகத் தொல்காப்பியம் கூறும் நடுகல் மரபு, ஏறத்தாழ எண்பது ஆண்டு காலந்தாழ்த்து, களத்தில் வாளெடாமல் மாண்டவர்க்கும் சென்று சேர்ந்தது.

குரலே கேட்க விரும்புவோர்க்கு ஒரு வாயில் உண்டு. சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979இல் தொடங்கியது. ஜப்பானியர் ஆட்சிக்காலம் பற்றிய பேட்டிகளை 1981 முதல் பதிவு செய்தது. அவற்றுள் தமிழில் அமைந்தவையும் உண்டு; பலவற்றை இணையத்தின் வழியே கேட்கலாம். கட்டணமோ நாட்பதிவோ வேண்டுவதில்லை. தமிழ்த்துறை மாணவர் இவற்றைக் கேட்டு எழுத்துவடிவம் செய்யலாம். பேட்டி எடுத்தவர் எங்கே குறுக்கிட்டார், பேசியவர் எங்கே நிறுத்தினார், எந்த வினாவிற்கு விடை தராமல் பேச்சை மாற்றினார் என்பனவற்றையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். வாழைமரம் அச்சிட்ட ஜப்பானியப் பத்து டாலர் நோட்டுக்கும், அரிசி கிட்டாத நாளில் உண்ட மரவள்ளிக்கும், வேலைக்கு ஆள்பிடிக்க வந்தவர்க்கும் அம்மக்கள் வழங்கிய பெயர்கள் எம் கண்ணில் பட்ட எந்த அகராதியிலும் இல்லை. முதுகலை இரண்டாமாண்டு மாணவரின் ஆய்வேட்டிற்கு இத்தகைய பேட்டி ஒன்றே போதுமானது. ஒரு மணிநேர ஒலிப்பதிவைப் பிழையற எழுதி முடிக்க ஏழெட்டு நாளாகும்.